எவர் கையில் எழுதுகோல்?

காசு கொடுத்தார் அவர், கேட்கவில்லை இவர்!

திருநள்ளாற்றுத் தெருவொன்றில், சனிக்கிழமைக் காலையில் நடக்கக்கூடிய நிகழ்ச்சி. நளன் குளத்தில் முழுகி, எள்ளும் எண்ணெயும் கொண்டு விளக்கேற்றி, வழிபாட்டை முடித்துக்கொண்டு வெளியே வருகிறார் செல்வர் ஒருவர். காரைக்கால் செல்லும் பேருந்துக்காகச் சாலையோரத்தில் காத்து நிற்கிறார் இளைஞர் ஒருவர். கையிலே வெண்கோல், தோளிலே பை, பையினுள்ளே கல்லூரிப் பட்டம். செல்வரின் கண்ணுக்கு வெண்கோல் தெரிகிறது, பை தெரியவில்லை. நாணயம் ஒன்று இளைஞரின் உள்ளங்கையில் திணிக்கப்படுகிறது. "ஐயா, நான் பேருந்துக்காக நிற்கிறேன்" என்கிறார் இளைஞர். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. கொடுத்தவர் போய்விட்டார், கடன் தீர்ந்த நிம்மதியோடு!

இஃது எவரோ ஒருவருடைய கதை அன்று. வெண்கோல் ஏந்தி வீதிக்கு வந்த எவரைக் கேட்டாலும், இதுபோல் ஒன்று சொல்லுவார்.

யார் அந்த இளைஞர்? கொடுத்தவரைக் கேட்டால், "பாவம், கண்ணில்லாதவர்" என்பார். சோதிடரைக் கேட்டால், "சனி தோடத்துக்குப் பரிகாரம்" என்பார். புராணிகரைக் கேட்டால், "முன்வினைப் பயன்" என்பார். அலுவலகத்தைக் கேட்டால், "பயனாளி, அட்டை எண் இன்னது" என்று ஏட்டைப் புரட்டுவார்கள். அனைவரிடமும் விடை இருக்கிறது. அந்த இளைஞரிடமும் விடை இருக்கும். ஆனால், அவரை யாரும் கேட்கவில்லை!

தன்னைப் பற்றித் தானே சொல்லும் உரிமை மனிதனுக்கு உண்டா, இல்லையா? உண்டென்றால், அந்த உரிமை கண்ணோடு சேர்ந்து பிறந்து, கண்ணோடு சேர்ந்து போய்விடுவதா? இதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. பார்வையற்றோரின் பிரச்சினை என்று பெயரிட்டு ஒதுக்கிவிட முடியாது இதனை. தன்மானம் என்ற சொல்லை உச்சரிக்கும் ஒவ்வொருவருடைய பிரச்சினை இது.

*

முதலில் புராணிகருடைய விடையைப் பார்ப்போம்.

காரைக்காலுக்கு அருகேயுள்ள திருவாரூர், பெரிய புராணத்திலே பெரிய இடம் பெற்ற ஊர். பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள், அங்கே குளம் தோண்டினார். சமணர் எள்ளி நகையாடினர். இறைவன் அருளால் அவர் பார்வை பெற்றார், சமணர் பார்வை இழந்தனர் என்கிறது கதை. சுந்தரரோ, சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் ஒன்றும், திருவாரூரில் மற்றொன்றும் மீண்டும் பெற்றார் என்று கூறப்படுகிறது.

இரண்டு கதைகளும் சொல்லாமற் சொல்லும் செய்தி யாது? பார்வை, நல்லவனுக்குப் பரிசு. பார்வையின்மை, கெட்டவனுக்குத் தண்டனை! இந்த நீதியைக் குழந்தைப் பருவத்திலேயே உள்ளத்தில் பதித்துக்கொண்ட ஒருவர், தெருவிலே வெண்கோலைக் கண்டதும் என்ன எண்ணுவார்? "ஏதோ குற்றம் செய்திருக்கிறான், இப்பிறவியில் இல்லையென்றால் முற்பிறவியில்" என்றுதானே எண்ணுவார்! வழக்கு இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை; தீர்ப்பு மட்டும் இருக்கிறது.

அறிவியல் வேறுவிதமாகப் பேசுகிறது. நாட்டில் 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரிடையே காணப்படும் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் கண்புரை. கண்புரை என்பது விழியிலுள்ள வில்லை மங்கிப் போவது. மங்கிய வில்லையை அகற்றி, வேறு வில்லை பொருத்தினால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. 1976இல் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்த வேலையைத்தான் இலட்சக்கணக்கானோருக்குச் செய்து காட்டியது. சத்துணவு இன்மையால், குறிப்பாக உயிர்ச்சத்து 'ஏ' குறைவால், பார்வை இழந்த ஏழைக் குழந்தைகள் எத்தனையோ பேர். முன்வினை ஏழைக் குடிசையை மட்டும் தேடி வருவானேன்? அறுவை மருத்துவரின் கத்தி பட்டதும் ஓடி ஒளிவானேன்? கேட்டுப் பாருங்கள், பதில் வராது, கோபம் வரும்.

ஆனால், பார்வையற்றோர் அனைவருக்கும் மருத்துவம் பார்வை தந்துவிடாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, பார்வைக் குறைபாடு உடையோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்கிறது. காரைக்கால் மாவட்டத்தின் மக்கள் எல்லாருமே அன்று ஏறத்தாழ 2 இலட்சம் பேர்தான்! இருபத்தைந்து காரைக்கால்களை நிரப்பக்கூடிய இந்த மக்களில், பார்வை திரும்பாமலே வாழ்பவரும் பலர். அவர்கள் காத்திருப்பவர்கள் அல்லர், வாழ்பவர்கள். அவர்களுக்கு வேண்டுவது என்ன? இரக்கம் என்று விடை சொல்லப் பழகியிருக்கிறோம் நாம்.

இரக்கம் நல்ல குணம்தான். மறுக்கவில்லை. ஆனால், சனிக்கு உகந்தது என்று சொல்லி, உடற்குறை உடையோருக்கு ஈயச் சொல்லும் வழக்கத்தை உற்று நோக்குங்கள். அங்கே ஈகை யாருக்காக? பெறுபவரின் பசிக்காகவா, கொடுப்பவரின் சாதகத்துக்காகவா? எள்ளைப்போல, எண்ணெயைப்போல, காக்கைக்கு வைக்கும் சோற்றுருண்டையைப்போல, மனிதனும் ஒரு பரிகாரப் பொருளாகிவிடுகிறான்! பொருளிடம், "நீ யார்?" என்று கேட்பவர் உண்டோ? விளக்கெண்ணெயிடம் யாரேனும் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவரோ?

*

எண்ணும் எழுத்துமே மக்களுக்குக் கண்கள் என்றார் வள்ளுவர். கற்றவரே கண்ணுடையவர், கல்லாதவர் முகத்தில் இருப்பவை புண்கள் என்றும் கூறினார். மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கருத்தை அதன் முடிவு வரை கொண்டு சென்றோமா? எழுத்துதான் கண் என்றால், முகத்திலே பார்வை இல்லாதவருக்கு எழுத்தை மறுப்பது எத்தகைய கொடுமை! இருந்த ஒரே கண்ணையும் நாமே பறிப்பதாகாதா?

பறித்தே வைத்திருந்தது உலகம், நெடுங்காலம். பறித்ததை மீட்டவர் கதை, காரைக்காலோடு சிறிது தொடர்புடைய நாட்டிலே நடந்தது. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது; இடையிடையே ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட காலம் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்ற மூன்று சொற்களைக் கொடியிலே கட்டிப் பறக்கவிட்ட நாடு அது. அந்த நாட்டின் தலைநகரில், புரட்சிக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1771இல், ஒரு சந்தையில் நடந்தது என்ன தெரியுமா? பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளிக் குல்லாயும் கழுதைக் காதும் மாட்டி, அட்டையால் செய்த பெரிய மூக்குக் கண்ணாடியை அணிவித்து, இசைக் கருவிகளைக் கையில் கொடுத்து, தாறுமாறாக வாசிக்க வைத்து, வயிறு வெடிக்கச் சிரித்தது கூட்டம்!

சிரித்தவர் பலர்; வெட்கப்பட்டவர் ஒருவர். வாலன்டின் ஹவுய் என்பது அவர் பெயர். அவர் 1780களில் பாரிசில் பார்வையற்ற சிறுவருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். எழுத்துகளைத் தாளிலே புடைக்க வைத்து, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். பெரிய செயல், ஐயமில்லை. ஆயினும், ஒரு குறை. அந்த எழுத்து, கண்ணுக்காக அமைந்த எழுத்து. கண்ணின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விரலிடம் கொடுத்தார்கள். பிறர் அச்சிட்டுத் தந்ததை மாணவன் மெல்ல மெல்லத் தடவிப் படிக்கலாம். தான் எண்ணியதை எளிதாக எழுத முடியாது. எழுதியதைத் தானே திருப்பிப் படிக்கவும் முடியாது. கேட்டுக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பேசும் உரிமை கிடைக்கவில்லை!

அந்தப் பள்ளிக்கு 1819இல் வந்து சேர்ந்தான் ஒரு சிறுவன். கூப்வ்ரே என்ற சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் கூரிய கருவி குத்திக் கண் இழந்தவன். லூயி பிரெயில் அவன் பெயர். பார்பியே எனும் படைத்துறையாளர், இருளிலே தடவிப் படிப்பதற்காகப் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட முறை ஒன்றை வகுத்திருந்தார். ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை அது. அதை ஆறு புள்ளிகளாகக் குறுக்கினான் பிரெயில், 15 வயதிலே! ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள். ஒரு தொடுதலில் ஓர் எழுத்து. ஒரு பலகை, ஒரு கூர்முனை ஆணி, ஒரு தாள். எழுதவும் அதுவே, படிக்கவும் அதுவே. நம் முன்னோர் ஓலையிலே எழுத்தாணி கொண்டு கீறினர் அல்லவா? தாளிலே ஆணி கொண்டு குத்தினான் பிரெயில்.

1829இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். உலகம் கொண்டாடியதா? இல்லை. 1840களில் அந்தப் பள்ளியின் தலைவராக இருந்த துபோ, புள்ளி எழுத்துக்கு இடம் தரவில்லை. பழைய புடைப்பெழுத்தின் புதிய வகையொன்றையே புகுத்தினார். காண்போருக்கு விளங்காத எழுத்து, பார்வையற்றோரைத் தனித்து நிறுத்திவிடும் என்பது எதிர்த்தோர் வாதம். எப்படிப்பட்ட வாதம், பாருங்கள்! எழுதுபவனுக்கு விளங்குகிறதா என்பது கேள்வி இல்லை. மேற்பார்ப்பவனுக்கு விளங்குகிறதா என்பதே கேள்வி! மாணவர்கள் விடவில்லை. தங்களுக்குள்ளே புள்ளிகளில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1852இல் பிரெயில் மறைந்தார். 1854இல்தான் அவர் எழுத்து அந்தப் பள்ளியின் எழுத்தாக ஏற்கப்பட்டது. 1952இல், மறைந்து நூறு ஆண்டு கழித்து, நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தெயோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டு சென்றனர். கைகளை மட்டும் சொந்த ஊரிலேயே விட்டுச் சென்றனர். இரண்டே ஆண்டுகளில் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. கொடி போய்விட்டது, அந்தக் கைகள் தந்த எழுத்து மட்டும் உலகெங்கும் நிலைத்தது.

தமிழுக்கும் வந்தது அந்த எழுத்து. 1890இல் பாளையங்கோட்டையில், அஸ்க்வித் என்ற அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 1951இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பிரெயில் முறை ஏற்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் விரலுக்கும் ஓர் உரிமை!

*

"எழுத்து வருவதற்கு முன்பே பார்வையற்ற புலவர்கள் பாடவில்லையா? பிறர் கையால் எழுதினால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்பார்கள் சிலர். நல்ல கேள்வி. தட்டிக் கழிக்கலாகாது.

உண்மைதான். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரராகவ முதலியார், பார்வையற்றவர். திருவாரூர் உலா பாடியவர். முதுகிலே விரலால் எழுதிக்காட்ட, அவர் எழுத்தைக் கற்றார் என்பது வழிவழிக் கதை. இரட்டைப் புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர்; ஒருவர் தோளில் ஒருவர் அமர்ந்து சென்று, பாதி வெண்பாவை ஒருவரும் மீதியை மற்றவரும் பாடினர் என்பர். ஆங்கிலப் பெருங்கவிஞர் மில்டன், பார்வை இழந்த பின்னரே, வாயால் சொல்லிச் சொல்லித் தம் பெருங்காப்பியத்தை முடித்தார். கையில் இல்லை புலமை, கருத்தில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், தோழர்களே, உலா வேறு, உள்ளம் வேறு. காப்பியத்தைப் பிறரிடம் சொல்லி எழுதலாம். காதற் கடிதத்தைச் சொல்லி எழுத முடியுமா? அண்ணன் சொத்தைச் சுருட்டிக்கொண்டான் என்ற முறையீட்டை, அந்த அண்ணனிடமே சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? விடுதியிலே தன்மீது கை வைத்தவனைப் பற்றிய புகாரை, அவன் தோழன் கையால் எழுதும் பெண்ணின் நிலை என்ன? சாமி இல்லை என்று எண்ணத் தொடங்கிவிட்ட மகன், அந்த எண்ணத்தை, சாமி அறையிலேயே நாளைக் கழிக்கும் தாயிடம் சொல்லி எழுதிக்கொள்வானா? நம்மை யார் பராமரிக்கிறார்களோ அவர்களைப் பற்றி எழுத, அவர்கள் கை உதவாது. அங்கேதான் சொந்த எழுதுகோலின் தேவை எழுகிறது. மறைவாக எண்ணவும், மறைவாக எழுதவும், எழுதியதை வெளியிடலாமா கிழித்தெறியலாமா என்று தானே முடிவு செய்யவும் இயன்றவனே முழு மனிதன். அந்தத் தனிமை இல்லாதவன், எத்தனை அன்பான வீட்டில் இருந்தாலும், காவலில் இருப்பவனே.

வீரராகவ முதலியாரை உலகம் என்ன பெயரால் அழைக்கிறது? அந்தகக்கவி! புலமை எவ்வளவு உயர்ந்திருந்தும், பெயரின் தலையிலே குறை ஏறி உட்கார்ந்துகொண்டது. இதே காரைக்காலில் பிறந்த அம்மையாரை எண்ணிப் பாருங்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்ப்போம். தம் பாடல்களின் முடிவில், 'காரைக்கால் பேய்' என்று தம்மைத் தாமே குறித்துக்கொண்டார் அவர். இழிபெயர்தான்; ஆனால், தாமே தேர்ந்தெடுத்த பெயர்! அழகிய மனைவி, அடங்கிய மருமகள் என்று ஊர் தந்த பெயர்களை உதறிவிட்டுத் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். அந்தப் பெயருக்கும் அந்தகக்கவி என்ற பெயருக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் பொருள் அனைத்தும்.

கையெழுத்தைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பார்வையற்றவரிடம், "கைந்நாட்டு வையுங்கள், சாட்சி ஒருவரை அழைத்து வாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்தது. படித்தவனைப் பாமரனாக்கும் வழக்கம்! 2008இல் ரிசர்வ் வங்கி, பார்வையற்றோர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர்களே. காசோலை, பெட்டகம், பணம் எடுக்கும் பொறி முதலியவற்றை அவர்களுக்கு மறுக்கலாகாது என்று எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்திற்று. அறிவுறுத்த வேண்டியிருந்தது என்பதே எவ்வளவு பெரிய செய்தி! 2025 மார்ச் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பார்வையின்மையைக் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. நீதி தேவதையின் கண்ணைத் துணியால் கட்டி மன்றத்தில் நிறுத்தியவர்கள், பார்வையற்ற மனிதனை மட்டும் வாயிலில் நிறுத்தி வைத்திருந்தனர், அதுவரை!

புதுவையில் பார்வையற்றோரும் செவித்திறன் அற்றோரும் பயிலும் அரசுச் சிறப்புப் பள்ளிக்கு, ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பொருத்தம் அறிந்து சூட்டினரோ, அறியாமல் சூட்டினரோ, பெயர் பேசுகிறது! 1736 முதல் 1761 வரை, நாளும் கண்டதையும் கேட்டதையும் தமிழிலே குறித்து வைத்தவர் அவர். கவர்னரின் வீரம் மட்டுமல்ல. கடைத்தெருப் பேச்சும், தம் வருத்தமும், பிறர் மீது தமக்கிருந்த கோபமும் அதில் உண்டு. வரலாறு எழுதும் ஆசிரியர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். அதுபோல், அந்தப் பள்ளியின் மாணவியர் தத்தம் நாட்குறிப்பை எழுதினால், இந்தக் காலத்தைப் பற்றி என்னென்ன தெரியவரும்! நம் தெருக்களைப் பற்றி, நம் குரல்களைப் பற்றி, நம் கருணையைப் பற்றி! அச்சமாக இருக்கிறதா? இருக்கட்டும்.

*

இன்று எழுதுகோல் இன்னும் கூர்மை பெற்றிருக்கிறது. கணினியும் கைப்பேசியும் திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கின்றன. 2006இல், மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர், அத்தகைய திரைபடிப்பான் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற தோழர் உடன் சேர்ந்தார். விலைக்கு விற்கவில்லை, இலவசமாகத் தந்தனர். என்.வி.டி.ஏ. எனும் அந்த மென்பொருள், தமிழையும் படிக்கிறது. பிரெயில் செய்ததையே மீண்டும் செய்தார்கள்: தமக்கு வேண்டிய கருவியைத் தாமே சமைத்தார்கள். தமிழிலும் பார்வையற்றோரே ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்து மின்னிதழ் நடத்தினர். ஓர் இதழுக்கு அவர்கள் இட்ட பெயர், 'விரல்மொழியர்'! கண் இல்லாதவர் என்று இல்லாததைச் சொல்லவில்லை. விரலிலே மொழி உடையவர் என்று இருப்பதைச் சொன்னார்கள்.

ஆனால், எழுதுகோல் கிடைத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. எதைப் பற்றி எழுதலாம் என்பதற்கும் ஒரு வேலி போடப்படுகிறது. அமெரிக்காவின் ஹெலன் கெல்லர், பார்வையும் செவியும் இழந்தவர். 1903இல் தம் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார், உலகமே உருகியது. 1909இல் சோசலிசக் கட்சியில் சேர்ந்தார். தொழிற்சாலையின் கொடுமையால், வறுமையால், அறியாமையால் எத்தனை கண்கள் அழிகின்றன என்று எழுதினார். உடனே, முன்பு அவரை வானளாவப் புகழ்ந்த பத்திரிகையாளர் ஒருவர், அவருடைய கருத்துப் பிழைக்கு அவருடைய உடற்குறையே காரணம் என்று எழுதிவிட்டார்! கெல்லர் 1912இல் பதில் கொடுத்தார்: அந்த ஆசிரியர் தம்மைச் சந்தித்தபோது தமக்கு இருந்த அறிவு, சோசலிசம் பேசியதும் குறைந்துபோயிற்று போலும் என்று கிண்டல் செய்தார்.

புரிகிறதா சூழ்ச்சி? உன் இருளைப் பற்றி எழுது, அழுகிறோம். உன் தன்னம்பிக்கையைப் பற்றி எழுது, கை தட்டுகிறோம். எங்கள் ஆலையைப் பற்றி எழுதாதே! பார்வையற்றவர் எழுதினால் அது பார்வையின்மையைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பது, தாழ்த்தப்பட்டவர் எழுதினால் அது தாழ்வைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதைப் போன்ற சிறை. அரசலாற்று மணல் கொள்ளையைப் பற்றி அவர் எழுதலாம். கவிதையைப் பற்றி எழுதலாம். கால்பந்தைப் பற்றி எழுதலாம். தவறாகவும் எழுதலாம்! நம்மோடு சண்டை போட்டு, நம்மிடம் தோற்கவும் அவருக்கு உரிமை உண்டு. தோற்க விடாத இரக்கம், எதிரியாக மதிக்காத இரக்கம். மனிதன் என்பவன் ஒரே ஒரு குறியால் ஆனவன் அல்லன். அந்த இளைஞர் பார்வையற்றவர், மீனவர் வீட்டு மகனாகவும் இருக்கலாம், வரலாற்றுப் பட்டதாரியாகவும் இருக்கலாம், கோபக்காரராகவும் இருக்கலாம். எந்தக் குறியை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

*

இதுவரை பிறரைச் சாடினோம். இனி, நம் வீட்டுக்குள் வருவோம்.

பெயர் சூட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ஊனமுற்றோர் என்ற சொல் புண்படுத்துகிறது என்றெண்ணி, மாற்றுத்திறனாளி என்ற சொல்லை ஆட்சிமொழியில் ஏற்றினார் கலைஞர். 2010இல் தனித் துறையும் கண்டது தமிழகம். நல்ல நோக்கம், இழிவைத் துடைத்த சொல். 2015இல் தில்லியிலிருந்து வந்தது 'திவ்யாங்' என்ற சொல், தெய்விக உடலாம்! உரிமை கேட்டவனைத் தெய்வமாக்கிவிட்டால், உரிமை கொடுக்கத் தேவையில்லை அல்லவா? பெண்ணைத் தெய்வம் என்று சொல்லிப் படிதாண்டாமல் வைத்த அதே பழைய வித்தை. உரிமை இயக்கத்தார் பலர் அதை எதிர்த்தனர். இரு சொற்களும் ஒன்றல்ல. எனினும், எந்தச் சொல்லாக இருந்தாலும், அழைக்கப்படுபவரின் ஒப்புதல் பெற்ற சொல்தானா என்று கேட்பது நம் கடமை. சிலர் 'பார்வையற்றவன்' என்று நேராகச் சொல்லிக்கொள்ளவே விரும்புகிறார்கள். அதிலே தங்களுக்கு வெட்கம் இல்லை என்கிறார்கள். விரும்பட்டும்!

இன்னும் ஒன்று. சொல்லக் கசப்பாக இருக்கிறது, சொல்லியாக வேண்டும். மேடையிலே நாம் பெரும்பாலும் எடுத்து வீசும் சொல் எது? "குருட்டு நம்பிக்கை!" "குருட்டுப் பழக்கம்!" "கண்ணிருந்தும் குருடராய்!" முன்வரிசையில் வெண்கோலோடு வந்து அமர்ந்திருக்கிறார் ஒரு தோழர், நம் பேச்சைக் கேட்க. மூடத்தனத்தைச் சாடுகிறோம் நாம். அடி விழுவது அவர்மீது! கை தட்டுகிறது கூட்டம். பாரிசுச் சந்தையின் சிரிப்புக்கும் இந்தக் கைதட்டலுக்கும் எவ்வளவு தூரம்?

"உவமைதானே, இதிலென்ன?" என்று கேட்க வேறு எவருக்கும் உரிமை இருக்கலாம், நமக்கு இல்லை. சொல்தானே என்று சொன்னவர்களிடம், சொல்லில்தான் இழிவு குடியிருக்கிறது என்று வாதாடியவர்கள் நாம். சூத்திரன் என்ற சொல் ஏட்டிலே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருந்தோமா? பிறவியைக் காட்டி இழிவு செய்யாதே என்று சீறிய நாமே, பிறவியிலோ நோயிலோ வந்த ஒரு நிலைமையை அறியாமைக்கு மறுபெயராக வழங்கலாமா? உவமை பொருந்தவும் இல்லையே! திருநள்ளாற்று வரிசையில் நிற்பவர்களுள் பெரும்பாலோர் நன்றாகப் பார்வை உடையவர்கள். சனியின் 'பார்வை' பட்டால் கேடு என்று நடுங்குபவர்கள். பார்வை இருந்தால் பகுத்தறிவும் இருக்கும் என்பதற்கு உலகில் எங்கே சான்று? மாறாக, ஒவ்வோர் அடியையும் கோலால் தட்டிப் பார்த்து, ஆய்ந்து, தெளிந்து, பிறகே எடுத்து வைக்கும் பார்வையற்றவரின் நடையல்லவா பகுத்தறிவுக்கு ஏற்ற உவமை! மூடநம்பிக்கை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆராயா நம்பிக்கை என்று சொல்லலாம். மொழி வளமுடைய நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, "மனக்கண்முன் நிறுத்துங்கள்" என்றுதான் என் கையும் எழுதிற்று. அடித்துவிட்டுத் தொடர்ந்தேன். பழக்கம் எளிதில் போகாது. போகாதென்று தெரிந்துகொண்டால்தான் போகும்.

காரைக்கால் தோழர்களே! உங்கள் படிப்பகத்தில் பார்வையற்றவர் படிக்கக்கூடிய நூல் ஒன்றேனும் உண்டா? உங்கள் மன்றத்தின் அறிக்கைகளைப் படமாகப் பிடித்து அனுப்புகிறீர்களே. திரைபடிப்பான் படத்திலுள்ள எழுத்தை ஒழுங்காகப் படிக்காதே, அதையே எழுத்தாக அடித்து அனுப்ப எவ்வளவு நேரமாகும்? உங்கள் ஆண்டுமலருக்குப் பார்வையற்ற தோழர் ஒருவரிடம் கட்டுரை கேட்டீர்களா? கேட்டீர்களென்றால், "உங்கள் துன்பத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றா கேட்டீர்கள், "என்ன எழுத விரும்புகிறீர்கள்?" என்றா கேட்டீர்கள்? பதிப்புரிமை தடையாகாமல், பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ள 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தந்திருக்கிறது. அதே நோக்கங்கொண்ட மராக்கேசு உடன்படிக்கையை உறுதி செய்த முதல் நாடு, 2014இல், நம் நாடுதான். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நூல்களைச் சுமந்து உள்ளே கொண்டு செல்லும் கைகள் எங்கே?

திருநள்ளாற்றுச் சாலையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார் அந்த இளைஞர். உள்ளங்கையில் கேட்காத நாணயம். பேருந்து வரும், ஏறிப் போவார். இரவு, வீட்டுக்குச் சென்று, கணினியின் முன் அமர்ந்து, நடந்ததை எழுதுவார். கொடுத்தவரைப் பற்றி எழுதுவார். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நம்மைப் பற்றியும் எழுதுவார். அதில் நாம் நல்லவர்களாக வருவோமோ, வரமாட்டோமோ! எப்படி வந்தாலும், படிக்க வேண்டியது நம் முறை.